வெறும் தடம்

மதுரைப் பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரிக்கும் செல்போன் கடைக்கும் மேலே, மாடியில், 'துல்லியம் உணவு ஆய்வகம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகை என்னவோ பெரிய பலகைதான். நவீனக் கருவிகள், நம்பகமான முடிவுகள் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பூதக்கண்ணாடி ஒன்றையும் வரைந்துவைத்திருக்கிறார்கள். படியேறி உள்ளே போனால்தான் லட்சணம் தெரியும்.

வரவேற்பு மேசையைத் தாண்டியதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கும். பூப்போட்ட துணி போர்த்திய பெரிய இயந்திரம். அது ஓடி எத்தனையோ காலமாயிற்று. பம்ப் போய்விட்டது. சரிசெய்ய சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும்; ஆய்வகத்தின் முதலாளி சூரியபிரகாஷ் ஆளைக் கூப்பிட மாட்டார். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் துணியை ஓரமாகத் தூக்கி ஒருமுறை காட்டிவிடுவார், பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டுவதுபோல. "ஜெர்மன் மெசினு," என்பார். மிளகாய் வியாபாரி, டீத்தூள் வியாபாரியெல்லாம் மலைத்துப்போய் நிற்பார்கள். அவர்கள் பார்த்ததும் துணியை மூடிவிடுவார். தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வார். எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று கேட்டால், "வெளிநாட்டு யுனிவர்சிட்டி," என்பார். அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்டவர் யாரும் அங்கே வேலையில் இல்லை.

நிஜமான வேலை நடப்பது பின்கட்டில், சன்னலோர மேசையில். அந்த மேசை தமிழ்வாணியினுடையது. பரவையிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவள், வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள், அந்த ஆய்வகத்தில் இருக்கிறவர்களில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரே ஆள். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை.

மேசைமேல் இருப்பதெல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்கு ஒரு மூடி, கையில் பிடிக்கிற புற ஊதா விளக்கு ஒன்று, முடிபோல மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் ஒரு டப்பா நிறைய. இவற்றை வைத்துச் செய்கிற சோதனையை டி.எல்.சி. என்பார்கள். ஒரு சின்னத் தகட்டில் கோலமாவைப் பூசினாற்போல வெள்ளைப் படலம் இருக்கும். கீழோரத்தில் பென்சிலால் ஒரு கோடு. சந்தேகப்பட்ட பொடியைக் கரைப்பானில் கலக்கி, குழாயால் தொட்டு, கோட்டின்மேல் ஒரு புள்ளி. எந்தச் சாயத்தைத் தேடுகிறோமோ அதையே பக்கத்தில் இன்னொரு புள்ளி. தொட்டியின் அடியில் கொஞ்சம் கரைப்பானை ஊற்றி, தகட்டை நிறுத்தி மூடிவிட்டால், துணியில் தண்ணீர் ஊறுவதுபோல அது மேலே ஏறும். ஏறும்போது புள்ளியில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பொருளும் தன்தன் உயரத்தில் நின்றுவிடும். ரோடமின் என்கிற துணிச்சாயம் இருந்தால், இருட்டில் அந்த விளக்கைப் பிடித்தமாத்திரத்தில் ரோஸும் ஆரஞ்சுமாக எரியும். மிளகாய்ப்பொடியில் அது இருக்கவே கூடாது.

இதில் தமிழ்வாணியை மிஞ்ச ஆளில்லை என்பது தமிழ்வாணியின் அபிப்பிராயம். பேனாவால் கோடு போடுகிறவனைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். மையும் கூடவே கிளம்பி மேலே ஏறுமே, அதுகூடவா தெரியாது? தகட்டின் முகத்தில் விரல் வைக்கிறவன், புள்ளியைத் தோசைபோலப் பரப்புகிறவன், கோடு முங்குகிற அளவுக்குக் கரைப்பானை ஊற்றிவிட்டுப் புள்ளி எங்கே போயிற்று என்று தேடுகிறவன், பாதியில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறவன் எல்லாரும் அவள் கணக்கில் ஒரே சாதி, மூளையில்லாத சாதி. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் அவள் பார்த்த பார்வையிலேயே ஓடிப்போனார்கள்.

ஆனால் அவளும் ஒரு விஷயத்தில் வழுக்கியிருந்தாள். ஒவ்வொரு தகட்டிலும் மூன்றாவதாக ஒரு தடம் விட வேண்டும். சாம்பிளே இல்லாமல், வெறும் கரைப்பானை மட்டும் அதே குழாயால் தொட்டு ஒரு புள்ளி. அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அழுக்கு நம் கையிலே, நம் ஏனத்திலே என்று அர்த்தம். பாடப்புத்தகத்தின் முதல் பாடம் அது. சூரியபிரகாஷுக்கு அந்தத் தடத்தைக் கண்டாலே எரிச்சல்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கும்மா எடம்? தகடு என்ன சும்மாவா வருது?" என்று சொல்லி, தகடுகளை இரண்டு புள்ளிக்கு மட்டும் இடம் இருக்கிற மாதிரி ஒல்லியாக வெட்டச் சொல்லிவிட்டார். தமிழ்வாணி முதலில் முறுக்கினாள். அப்புறம் விட்டுவிட்டாள். இந்த மனுசனோடு யார் மல்லுக்கட்டுவது, என் கை சுத்தம், என் ஏனம் சுத்தம், எனக்கு எதற்கு வெறும் தடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. சூரியபிரகாஷ் பட்டு வேட்டி கட்டி, ஒரு கிண்ணத்தில் சந்தனமும் ஒரு பாக்கெட் குங்குமமுமாகக் கிளம்பிவிட்டார். தராசுக்குப் பொட்டு வைத்தார். ஜெர்மன் மெசினுக்குப் பூப்போட்ட துணியின் மேலேயே வைத்தார். ஃபிரிட்ஜுக்கு, கணினிக்கு, கண்ணாடித் தொட்டிக்கு, விளக்கின் கைப்பிடிக்கு, கழுவுகிற தொட்டிக்குக்கூட ஒன்று வைத்தார். வைப்பதையெல்லாம் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடச் சொன்னார். தமிழ்வாணி பொரியைக் கொறித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். பக்தியாவது ஒன்றாவது, எல்லாம் விளம்பரம் என்று நினைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே கிளம்பிவிட்டாள்.

மறுபடி வேலைக்கு வந்த அன்று, தன் மேசையில் கண்ணுக்குப் பட்ட பொட்டுகளையெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். தொட்டியை இரண்டு தரம் கழுவினாள். ஆயிற்று, சுத்தம் என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் சாம்பிள் பேரையூரிலிருந்து ஒரு மிளகாய்ப்பொடி. 'அன்னம் மிளகாய்த்தூள்' என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தது. மாணவர் விடுதி ஒன்றுக்கு மசாலா கொடுக்கிற ஆர்டருக்கு ஆய்வகச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதற்காக மில்காரம்மாவே தானாக வந்து பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தமிழ்வாணி தகட்டை ஓட்டி, விளக்கைப் பிடித்தாள். சாயத்தின் புள்ளியும் மிளகாய்ப்பொடியின் புள்ளியும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் எரிந்தன.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் வாய்விட்டு. இந்த மில்காரர்களைப் பற்றி அவளுக்கு என்றைக்குமே நல்லெண்ணம் கிடையாது. தவிட்டையும் செங்கல்பொடியையும் அரைத்து ஊரை ஏமாற்றுகிறவர்கள் என்பது அவள் முடிவு. கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்து ஒரு மஞ்சள்தூள் வந்தது. அதுவும் எரிந்தது. ஒரு மெஸ்காரரின் சாம்பார்ப்பொடி வந்தது. அதுவும் எரிந்தது. வந்ததெல்லாம் எரிகிறதே என்று கொஞ்சம் புத்தியுள்ளவர்கள் நின்று யோசித்திருப்பார்கள். தமிழ்வாணி யோசிக்கவில்லை. நாடே திருட்டு நாடாகப் போய்விட்டது என்று மட்டும் நினைத்தாள்.

சூரியபிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, மதுரையில இம்புட்டு லேப் இருக்கே, எவனாச்சும் கண்டுபிடிச்சானா?" என்று குதித்தார். கையோடு ஒரு வீடியோ எடுத்துவிட வேண்டும் என்றார். வரவேற்பு மேசையில் இருக்கிற பாண்டிராஜ்தான் போனைப் பிடித்தான். தமிழ்வாணி வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக நின்று, தகட்டை விளக்கில் காட்டி, "துணிக்குப் போடுற சாயத்த மனுசனுக்குப் போடுறாங்க," என்று சொன்னாள். பின்னால் மேசைமேல் அன்னம் பாக்கெட் பளிச்சென்று தெரிந்தது. அதை எடுத்து மறைக்க வேண்டும் என்று தமிழ்வாணிக்கோ பாண்டிராஜுக்கோ தோன்றவில்லை. சூரியபிரகாஷுக்குத் தோன்றியது; தோன்றியும் விட்டுவிட்டார். வீடியோ ஊரெல்லாம் ஓடியது. பரவை மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவர்கூட, "நீதானம்மா அந்த மொளகாப்பொடி புள்ள?" என்று கேட்டார். தமிழ்வாணிக்கு அது பிடித்திருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரு காலைநேரம், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்தது அன்னம் மிளகாய்த்தூள் மில்லின் சொந்தக்காரி அன்னக்கொடி. பேரையூரில் இரண்டு மில், தானே ஓட்டிவந்த கார், கழுத்தில் கனத்த சங்கிலி, பி.காம். படிப்பு. மிளகாய் கொண்டுவந்த விவசாயியையும் அதட்டுவார், பில் போடுகிற பையனையும் அதட்டுவார் என்று ஊரில் பெயர். பாண்டிராஜ் "யாருங்க வேணும்?" என்று கேட்பதற்குள் பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

"நீதான அந்த வீடியோவுல பேசுன புள்ள?"

"ஆமா. நீங்க?"

"துணிக்குப் போடுற சாயத்த மனுசனுக்குப் போடுறாங்கன்னு சொன்னியே, அது நாந்தான். நல்லாப் பாத்துக்க."

தமிழ்வாணி எழுந்திருக்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. இந்த மாதிரி ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். பிடிபட்டதும் சத்தம் போடுவார்கள். "தகடு என்ன காட்டுதோ அதத்தாங்க நாங்க எழுதுவோம்," என்றாள்.

"விடுதி ஆர்டர் போச்சு. போகட்டும், அத விட்டுத்தள்ளு. உசிலம்பட்டி வரைக்கும் கடைக்காரன் பூராம் பாக்கெட்டத் திருப்பி அனுப்புறான். எம் பேர வச்சு அச்சடிச்ச பாக்கெட்டு. ரோட்டுல போனா, சாயக்காரி போறான்னு சொல்றானுக. நான் ஒரு சிட்டிகை கலந்திருந்தா, ஒன் கால்ல விழுந்துட்டுப் போயிருவேன். கலக்கல." அன்னக்கொடியின் குரல் இறங்கவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை வெளேரென்று மாவு. "இதையும் பாத்துச் சொல்லு. காசு அந்தத் தம்பிட்டக் கட்டிர்றேன்."

"என்னது இது?"

"பச்சரிசி மாவு. எங்க வயல்ல வெளஞ்ச அரிசி, நானே ஊறப்போட்டு அரைச்சது. இதுல சாயம் இல்லைன்னு ஒன் வெளக்கு சொல்லிட்டா, என் மொளகாப்பொடியப் பத்தி அது சொன்னதையும் நம்பிக்கிர்றேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்தது. பி.காம். படித்த புத்தி இவ்வளவுதான் போலிருக்கிறது. அரிசி மாவில் சாயம் எங்கிருந்து வரும்? சரி, இந்த அம்மாவின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது. "உக்காருங்க," என்றாள்.

வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் நிதானமாக, காட்டிக்காட்டிச் செய்தாள். மாவைக் கரைப்பானில் கலக்கி வடிகட்டினாள். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தாள். பென்சிலைச் சீவிக் கோடு போட்டாள். டப்பாவிலிருந்து ஒரு குழாயை எடுத்து, வடித்ததில் தொட்டு, கோட்டின்மேல் கடுகளவு புள்ளி வைத்து, ஊதிக் காயவைத்து, அதன்மேலேயே மறுபடி ஒரு புள்ளி. இன்னொரு குழாயால் சாயம். தகட்டைத் தொட்டியில் நிறுத்தி மூடினாள். கரைப்பான் மெல்ல ஏறத் தொடங்கியது.

அன்னக்கொடி குனிந்து மூடியின்மேல் கை வைத்தார்.

"தொடாதீங்க."

"தொறந்தா என்னவாம்? சோறு வெந்துருச்சான்னு பாக்குறதில்லையா?"

"இது சோறு இல்ல. தொறந்தா உள்ள இருக்கிற ஆவி போயிரும், தடம் கோணிக்கிட்டுப் போகும். கொஞ்சம் பேசாம உக்காருங்க."

"பேசாம உக்காந்ததுனாலதான் இம்புட்டு வந்துச்சு," என்றார் அன்னக்கொடி. ஆனால் உட்கார்ந்தார்.

கரைப்பான் மேலோரத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தமிழ்வாணி தகட்டை வெளியே எடுத்தாள். ஏறிய மட்டத்தில் பென்சிலால் ஒரு கீறல் போட்டுக் காயவைத்தாள். சன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். அறை இருண்டது. "நல்லாப் பாத்துக்கங்க," என்று சொல்லி விளக்கைப் போட்டாள்.

ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் எரிந்தன. ஒன்று சாயம். இன்னொன்று பச்சரிசி மாவு.

கீழே பேக்கரியில் யாரோ பன் பட்டர் ஜாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா," என்றார் அன்னக்கொடி, இந்தத் தடவை மெதுவாக. "அரிசி மாவுலயும் கலந்துட்டனா நானு?"

தமிழ்வாணி திரையை விலக்கிவிட்டு இன்னொரு தகட்டை எடுத்தாள். அதில் மாவு இல்லை, மிளகாய் இல்லை; வெறும் கரைப்பானை அதே டப்பாக் குழாயால் தொட்டு வைத்தாள். இத்தனை நாள் வைக்காமல் விட்ட புள்ளி. பக்கத்தில், பிரிக்காத புதுப் பொட்டலத்தை உடைத்து ஒரு குழாய் எடுத்து, அதாலும் வெறும் கரைப்பானில் ஒன்று. ஓட்டி எடுத்து, திரையை மறுபடி இழுத்துவிட்டு விளக்கைப் பிடித்தாள். டப்பாக் குழாயின் தடம் எரிந்தது. புதுக் குழாயின் தடம் கும்மிருட்டாக இருந்தது.

திரையை விலக்கி, டப்பாக் குழாய்களை வெள்ளைத் தாளில் கொட்டி, லென்ஸை வைத்துப் பார்த்தாள். வாயோரத்தில், உள்பக்கமாக, தூசிபோலச் சிவப்பு.

"பாண்டிராஜு," என்று கூப்பிட்டாள். "பூஜை அன்னைக்கி இந்த டப்பாவ யாரு தொறந்தது?"

பாண்டிராஜ் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "நாந்தாங்க்கா சாமி படத்துக்கு முன்னால தொறந்து வச்சேன். சார்தான் எல்லாப் பொருளையும் தொறந்து வைக்கச் சொன்னாரு. நீங்க போனப்பெறகு கை நெறையக் குங்குமத்த அள்ளித் தூவி அர்ச்சனை பண்ணுனாரு. அம்புட்டும் செவப்பாப் போச்சு. பெறகு தொடச்சுட்டு மூடி வச்சுட்டோம்."

கடைப் பாக்கெட் குங்குமத்தில் போடுகிற சாயம் என்னவென்று தமிழ்வாணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத்தான் அவள் மிளகாய்ப்பொடியிலும் மஞ்சளிலும் சாம்பார்ப்பொடியிலும் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்னக்கொடிக்கு விளங்கிவிட்டது. "நாங்களுந்தான் மில்லுக்குச் சாமி கும்பிடுறோம்," என்றார். "மெசினு நெத்தியில வைப்போம். அரைக்கிற வாய்க்குள்ளயா கொட்டுவோம்? அடக் கருமமே. இத வச்சுக்கிட்டா ஊரு உலகத்துக்கெல்லாம் சுத்தம் சொன்னீங்க?"

பேனாவால் கோடு போடுகிறவனைப் பார்த்துக் குமட்டின ஆள்தானே நீ என்று தமிழ்வாணி தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தப் பயிற்சிப் பிள்ளைகள்கூட வெறும் தடம் ஓட்டாமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு எங்களோடதுக்கா," என்றாள். அக்கா என்ற வார்த்தை அவளை அறியாமல் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து சூரியபிரகாஷ் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக வழக்கம்போல வாசலில் இருக்கிற சாமி படத்துக்குக் குங்குமம் வைத்து, மிச்சத்தை நெற்றியில் தீற்றிக்கொண்டு, உள்ளே நுழைந்தார். அன்னக்கொடியைப் பார்த்தார். தாளில் கிடந்த குழாய்களைப் பார்த்தார். தமிழ்வாணி நடந்ததைச் சொன்னாள். ஒரு நிமிஷம் முகம் செத்துப்போயிற்று. மறு நிமிஷம் மனுசன் பழையபடி ஆகிவிட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

"அட, இதுக்குப் போயா? ரொம்ப சிம்பிள். அம்மா புதுசா ஒரு பாக்கெட் குடுக்கட்டும். மறு சாம்பிள்னு போட்டு, சாயம் இல்லைன்னு பாஸ் பண்ணிக் குடுத்துருவோம். ஃபீஸு வேண்டாம். நம்ம அம்மாதான."

"மறு சாம்பிள் நல்லாருக்குன்னு குடுத்தா என்ன அர்த்தம்?" என்றார் அன்னக்கொடி. "மொதல்ல கலந்தா, மாட்டிக்கிட்டா, இப்பத் திருந்திட்டான்னு அர்த்தம். என்னையத் திருந்தினவளாக்க நீ யாரு? மொத ரிப்போர்ட்டு பொய்யின்னு எழுது."

"அது எப்பிடிங்க முடியும்? அரசாங்கத்துல அங்கீகாரம் வாங்கி நடத்துறோம். ரிப்போர்ட்ட வாபஸ் வாங்குனா லேப்பையே பூட்டிருவான். அதுவும் என்னன்னு எழுதுறது? சாமி குங்குமத்தாலன்னா எழுதுறது? சாமியக் குத்தம் சொன்னான்னு நாளைக்கு நாலு பேரு வந்து நிப்பான்."

இதைக் கேட்டதும் தமிழ்வாணிக்கு எங்கேயோ பற்றிக்கொண்டு வந்தது. துணியை மூடி மூடிக் காட்டுகிற ஆள், கடைசியில் சாமியையும் எடுத்துப் போர்த்திக்கொள்கிறாரே. "சாமி மேலயும் குத்தமில்ல, குங்குமத்து மேலயும் குத்தமில்ல சார்," என்றாள். "வெறும் தடம் ஓட்டலை. அதுதான் குத்தம். வேண்டாம்னு வெட்டச் சொன்னது நீங்க. சரின்னு தலையாட்டுனது நானு. அதத்தான் எழுதப்போறேன்."

சூரியபிரகாஷ் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பண்ணு. கீழ இருக்கிற கையெழுத்து ஒன்னோடது, என்னோடது இல்ல. ஒன் பேருதான் நாறும். மதுரைக்குள்ள இனிமே ஒனக்கு எவன் வேலை குடுப்பான்னு பாக்குறேன்."

அவர் சொன்னது உண்மைதான். தமிழ்வாணிக்கும் அது தெரியும். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இருப்பதும் தெரியும். இருந்தும் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். மிளகாய், மஞ்சள், சாம்பார்ப்பொடி மூன்று அறிக்கையும் செல்லாது, கருவியில் ஒட்டியிருந்த சாயத்தால் வந்த பிழை, ஆய்வாளரின் கவனக்குறைவு என்று எழுதி, பெயரைப் போட்டு, மூன்று பேருக்கும் விடுதிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். சூரியபிரகாஷ் கத்தினார். பாண்டிராஜ் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்னக்கொடி தன் போனில் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். மின்னஞ்சலைப் பார்த்துவிட்டேன் என்றார் அவர். "ஆனா ஆர்டர் வேற பார்ட்டிக்குப் போயிருச்சுங்க. அதோட, பசங்க வீட்டுல அந்த வீடியோவப் பாத்திருக்காங்க. இப்ப உங்க பேர வச்சு நான் பொடிய எறக்குனா என்னையக் கேள்வி கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க." போன் வைக்கப்பட்டது.

தமிழ்வாணி தலைகுனிந்து நின்றாள். "நான் எழுதி அனுப்பிட்டேன்க்கா," என்றாள்.

"அனுப்பிட்ட. அதுக்கென்ன இப்ப?" அன்னக்கொடி அவளை நேராகப் பார்த்தார். "நான் கலப்படக்காரின்னு நீ சொன்னத ஊரு பூராம் கேட்டுச்சு. இல்லைன்னு நீ சொல்றத இந்த ரூமுல நான் ஒருத்தி கேட்டுக்கிட்டிருக்கேன். கடுதாசிய யாரும்மா படிக்கிறா? கடைக்காரன் படிப்பானா? ஒன் வாயால போனது எம் பேரு. ஒன் வாயாலயே திருப்பிக் குடு."

தமிழ்வாணி மறுபடி கையுறையை மாட்டினாள். இந்தத் தடவை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். அன்னக்கொடியே போனைப் பிடித்தார், தன் மில்லின் பேஸ்புக் பக்கத்தில் நேரலையாகவே போட்டார். அறை இருண்டது; விளக்கின் ஊதா வெளிச்சம் மட்டும் மேசையில் விழுந்தது.

"என் பேரு தமிழ்வாணி," என்று ஆரம்பித்தாள். முதல் வீடியோவில் பேசிய கணீர்க் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "துணிச்சாயம் கலந்திருக்குன்னு அன்னம் மொளகாப்பொடியப் பத்தி நாந்தான் சொன்னேன். நான் சொன்னது பொய். இந்தத் தகட்டப் பாருங்க. இதுல மொளகாப்பொடி இல்ல, எந்தப் பொடியுமே இல்ல. வெறும் கரைப்பான்தான் வச்சேன். இதுலயும் அந்தச் சாயம் எரியுது. ஏன்னா அது எங்க லேப்புல இருந்த சாயம். நான் ஒழுங்காப் பாக்காம..."

"நிறுத்து," என்று இருட்டில் சூரியபிரகாஷின் குரல் கேட்டது. "யாரக் கேட்டு எடுக்குற? என் லேப்புக்குள்ள வந்து என் பேரையே..."

போனை மறைக்கத்தான் பாய்ந்தார். மேசையைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் குறுக்கே கையை நீட்டினார். கை விளக்குக்குக் கீழே வந்தது. ஐந்து விரல்களின் நுனியும், நகக்கண்ணும், உள்ளங்கை ரேகையும் ரோஸும் ஆரஞ்சுமாகப் பற்றி எரிந்தன. கை போன திசையிலேயே முகமும் குனிந்தது. நெற்றி நடுவில் அதே நெருப்பு.

கையைச் சட்டென்று இழுத்து வேட்டியில் துடைத்தார். வேட்டியும் எரிந்தது. தகட்டில் எரிந்த அதே நிறம். பாண்டிராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். தமிழ்வாணியின் விரல் விளக்கின் பொத்தானைத் தேடிப் போனது.

போனை ஆடாமல் பிடித்திருந்த அன்னக்கொடி, "வெளக்க அமத்திராதம்மா," என்றார். "அப்பிடியே அவரு மேல புடி."